மசினகுடி போகிறீர்களா? ஜீப் பேசும் முன் இதைப் படியுங்கள்

போன மே மாதம் குடும்பத்தோடு முதுமலை போயிருந்தோம். மசினகுடி பக்கம் ஒரு லாட்ஜில் அறை. போய்ச் சேர்ந்ததுமே அங்கிருந்தவர் பிடித்துக்கொண்டார். "சார், பாரஸ்ட் வண்டியில போனா ஒண்ணும் தெரியாது. நம்ம ஜீப்ல போங்க, யானை நிச்சயம். அப்புறம் காட்டுக்குள்ள ஒரு மணி நேரம் ட்ரெக்கிங், எல்லாத்துக்கும் பர்மிஷன் இருக்கு." 4,500 ரூபாய். ரசீது கேட்டேன், திரும்பி வந்ததும் தருவதாகச் சொன்னார். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

ஜீப் போனது மாயாறு ரோட்டில். பஸ் போகும் பொதுச் சாலை அது. புள்ளிமான், மயில், தூரத்தில் ஒரு காட்டெருமை. தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி வரும்போதே காரில் இருந்தபடி இவற்றையெல்லாம் பார்த்துவிட்டோம். சரி, போகட்டும் என்றிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை. ஓர் ஓடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி எங்களை இறக்கினார்கள். கூட வந்த பையன் உண்ணிச்செடிப் புதருக்குள் ஒற்றையடிப் பாதையில் கூட்டிப்போனான். அந்தப் புதரில் பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. பாதையில் யானை லத்தி, ஈரம்கூடக் காயவில்லை. "திரும்பிடலாம் தம்பி" என்றேன். அவன் கேட்கவில்லை. சற்று நேரத்தில் வலப்பக்கம் கிளை முறிந்தது. குட்டியோடு ஒரு பெண் யானை. முதலில் ஓடியது அந்தப் பையன்தான். எட்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு நான் எப்படிச் சாலைக்கு வந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. யானை துரத்தவில்லை, ஒரு பிளிறலோடு விட்டுவிட்டது. அதன் வழியில் போய் நின்றவர்கள் நாங்கள். அந்தச் சீகூர் பகுதி யானைகளின் வழித்தடம். 2020-ல் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்திருக்கிறது.

சாலையில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டார். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைப்பதே குற்றம், உங்கள் மேல்தான் வழக்கு வரும் என்றார். குழந்தை அழுததைப் பார்த்து எச்சரித்து அனுப்பினார். ஜீப்காரர் வாயே திறக்கவில்லை.

லாட்ஜில் பணத்தைக் கேட்டதற்கு, "யானை பார்த்தீங்கல்ல சார்" என்றார்கள். ரசீதும் வரவில்லை. அன்று ராத்திரியே பக்கத்து அறைக்காரர்களிடம், டார்ச் அடித்துக் காட்டும் 'நைட் சஃபாரி'க்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நடந்ததைச் சொன்னேன், அவர்கள் போகவில்லை.

மறுநாள் காலை தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் வரிசையில் நின்று சீட்டு வாங்கி வனத்துறை வண்டியில் போனோம். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் சஃபாரி பாதைகளுக்குள் போக முறையான வழி அது. அன்று கட்டணம் நாங்கள் ஜீப்புக்குக் கொடுத்ததைவிடக் குறைவுதான். வேறு யாராவது 'உள்ளே கூட்டிப்போகிறேன்' என்றால் வனத்துறை ரசீதைக் கேளுங்கள். இழுத்தடித்தால் ஏறாதீர்கள், குழந்தைகள் இருந்தால் கட்டாயம் ஏறாதீர்கள்.