பாட்டி பிறந்த நாடா, பாஸ்போர்ட் தந்த நாடா: ரக்பி லீக்கில் யார் யாருக்கு ஆடலாம்?

குளத்தூப்புழை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் குடும்பத்துப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். பிறந்தது கொல்லம் மாவட்டத்தில். தாத்தா பிறந்தது இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். 1964-ல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, ‘தாயகம் திரும்பியோர்’ கணக்கில் கப்பலேறி வந்து, புனலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தத் தாத்தாவின் தகப்பனாரோ திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைக்குப் போனவர். பையனுக்கு அம்மா வீடு மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் புளியரையில். இவன் எந்த நாட்டுக்கு ஆடலாம் என்று கேட்டால் ஒவ்வொரு விளையாட்டும் ஒவ்வொரு பதில் சொல்லும். ரக்பி லீக் சொல்லும் பதில் தாராளமானது: இந்தியாவுக்கும் தகுதி உண்டு, இலங்கைக்கும் தகுதி உண்டு, விருப்பம் அவனுடையது.

ரக்பி லீக் நம் பக்கம் யாரும் ஆடாத ஆட்டம் என்பதால் இரண்டு வரி. 1895-ல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் வடக்கத்திய கிளப்புகள் கூடி, தாய்ச் சங்கத்திலிருந்து பிரிந்தன. சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விடும் சுரங்க, ஆலைத் தொழிலாளிக்கு இழந்த கூலியைக் கொடுக்கலாமா என்பதுதான் சண்டை. பிரிந்தவர்களின் ஆட்டம் பிறகு பதின்மூன்று பேர் ஆடும் ‘லீக்’ ஆயிற்று. பதினைந்து பேர் ஆடும் பழையது ‘யூனியன்’. பிழைப்பு தேடி நகர்ந்த மக்களின் ஆட்டம் என்பது அதன் விதிகளில் இன்றைக்கும் தெரிகிறது.

லீக்கில் தேசிய அணிக்குள் நுழைய மூன்று வாசல்கள்: அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோர், தாத்தா பாட்டியரில் ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அங்கே குடியிருந்திருக்க வேண்டும். இதற்கு மேல் ஓர் அடுக்குமுறை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து மூன்றும் முதல் அடுக்கு. இவற்றில் ஒன்றுக்கு ஆடியவர் இன்னொன்றுக்கு மாற முடியாது. ஆனால் இந்த மூன்றில் ஒன்றிலிருந்து பசிபிக் தீவுகளான டோங்கா, சமோவா, அல்லது இத்தாலி போன்ற கீழடுக்கு நாட்டுக்குப் போகலாம், திரும்பியும் வரலாம். ஒரே போட்டித் தொடரின் நடுவில் மட்டும் சட்டையை மாற்றக் கூடாது.

இதற்கு நேர் எதிரே நிற்பது நம் இந்திய அரசின் வழி. 2008-ன் இறுதியில் எடுத்த முடிவின்படி, இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் மட்டுமே இந்தியாவுக்கு ஆடலாம். டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் அமெரிக்காவில் பிறந்தவர். அதுவரை டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டிருந்தவருக்கு அத்தோடு கதவு சாத்தப்பட்டது. இந்தியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த கால்பந்து வீரர் அரட்டா இசுமி, ஜப்பான் குடியுரிமையைத் துறந்துவிட்டுத்தான் இந்தியச் சட்டையை அணிந்தார். சுத்தமான விதி என்பதை மறுக்கவில்லை. பாட்டியின் பிறப்புச் சான்றிதழைத் தேடி யாரும் அலைய வேண்டாம், மேல்முறையீடு வேண்டாம். ஆனால் காகிதத்தை வைத்து உறவை அளப்பதை எங்கள் பக்கத்து ஆட்கள் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1948-ல் இலங்கை நாடாளுமன்றம் ஒரு குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியதும், அங்கேயே பிறந்து வளர்ந்த லட்சக்கணக்கான தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். கொழுந்து பறித்த மலை மாறவில்லை, காகிதம் மட்டும் போயிற்று.

ரக்பி யூனியனின் வழி மூன்றாவது. பிறப்பும் பாட்டன் வழியும் குடியிருப்பும் அங்கேயும் உண்டு. ஆனால் 2022 வரை, ஒரு நாட்டின் முதன்மை அணிக்கு ஒருமுறை இறங்கிவிட்டால் ஆயுள் முழுக்க அதுதான். ஒலிம்பிக்கில் ஏழு பேர் ஆடும் ‘செவன்ஸ்’ ரக்பி வழியாக ஒரு சந்து இருந்தது, அவ்வளவே. டோங்காவில் பிறந்த மலக்காய் ஃபெகிடோவா நியூசிலாந்துக்கு ஆடி 2015 உலகக் கோப்பையையும் வென்றார். பிறகு அந்த அணிக்கு அவர் தேவைப்படவில்லை. டோங்காவுக்கோ தேவை இருந்தது. விதி விடவில்லை. 2022-ல்தான் விதி தளர்ந்தது: மூன்று ஆண்டுகள் சர்வதேச ஆட்டம் ஆடாமல் இருந்து, பிறப்பாலோ பெற்றோர், பாட்டன் பாட்டி பிறப்பாலோ உறவு இருந்தால், ஒரே ஒரு முறை மாறலாம். அந்த ஆண்டே ஃபெகிடோவா டோங்காவுக்கு இறங்கினார். இது நியாயத்தின் பக்கம் ஓரடி, சந்தேகமில்லை. ஆனால் ஓர் ஆட்டக்காரனின் நல்ல காலமே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். அதில் மூன்றைக் காத்திருப்புக்குக் கொடு என்பது பெரிய விலை.

இனி லீக்கின் தாராளம் என்ன செய்தது என்று பார்க்கலாம். ஜேசன் டாமலோலோ பிறந்தது ஆக்லாந்தில். பெற்றோர் டோங்கா வழி. சிறுவயதிலேயே ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லுக்குக் குடிபெயர்ந்தவர். மூன்று வாசல்களும் மூன்று நாடுகளுக்குத் திறந்திருந்த ஆள். முதலில் நியூசிலாந்துக்கு ஆடினார். 2017 உலகக் கோப்பைக்கு அணி அறிவிக்கும் தறுவாயில், டோங்காவுக்கு ஆடுகிறேன் என்றார். ஆஸ்திரேலிய அணியில் இடம் கிடைத்திருந்த ஆண்ட்ரூ ஃபிஃபிட்டாவும் அதை விட்டுவிட்டு டோங்கா பக்கம் வந்தார். நியூசிலாந்து கொதித்தது.

அந்த நவம்பர் 11-ம் தேதி, ஹாமில்டன் நகரில் டோங்காவும் நியூசிலாந்தும் மோதின. இடைவேளையில் நியூசிலாந்து 16–2 என்று முன்னிலை. முடிவில் டோங்கா 28–22 என்று வென்றது. அடுத்த வாரமே நியூசிலாந்து, ஃபிஜியிடம் 2–4 என்று தோற்று வெளியேறியது. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக டோங்கா 0–20 என்று கிடந்து, கடைசி ஏழு நிமிடங்களில் 18 வரை ஏறியது. கடைசி நொடியில் ஃபிஃபிட்டா எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கிப் பாய்ந்தபோது பந்து கையை விட்டு நழுவியது. நடுவர் வீடியோவைக் கேட்காமலே ஆட்டத்தை முடித்தார். டோங்காக்காரர்கள் இன்றைக்கும் ஆறாத கோபத்தோடு பேசும் இடம் அது. 2019-ல் அதே டோங்கா, ஆஸ்திரேலியாவையே 16–12 என்று சாய்த்தது. 2022-ல் சமோவா, முதல் ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 6–60 என்று நொறுங்கிய பிறகு, அரையிறுதியில் அதே இங்கிலாந்தை 27–26 என்று கூடுதல் நேரத்தில் வீழ்த்தி இறுதிப் போட்டிக்குப் போனது. யூனியனின் பழைய பூட்டு இங்கேயும் இருந்திருந்தால் இவற்றில் பாதி நடந்திருக்காது.

‘கூலிக்கு ஆடுகிறவர்கள், கொடி மாற்றுகிறவர்கள்’ என்று பெருநாட்டுப் பத்திரிகைகளில் எழுதியவர்கள் உண்டு. டாமலோலோவும் ஃபிஃபிட்டாவும் விட்டுவிட்டுப் போனது பணமும் புகழும் இருந்த பக்கத்தை என்பது அவர்கள் கண்ணில் படவில்லை போலும்.

பாட்டன் வாசலையும் குடியிருப்பு வாசலையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அது தவறாகப் படுகிறது. குடியிருப்பு வாசல் யாருக்கு உதவும்? நல்ல கிளப்பும் நல்ல சம்பளமும் உள்ள நாட்டுக்கு. பதினெட்டு வயதுப் பையனை ஒப்பந்தம் போட்டு அழைத்து, ஐந்து வருடம் வைத்திருந்தால் அவன் அந்த நாட்டு ஆள். பாட்டன் வாசல் உதவுவதோ மக்களைப் பிழைப்புக்கு அனுப்பிவிட்டு நிற்கிற நாட்டுக்கு. டோங்காவும் சமோவாவும் லெபனானும் அனுப்பிய நாடுகள். பேரன் வழியாகக் கொஞ்சம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

இரண்டு வாசல்களும் ஒரே ஆளின் கதையில் வருவதையும் சொல்லியாக வேண்டும். குயின்ஸ்லாந்தில் பிறந்த நேதன் ஃபியன், 2006-ல் நியூசிலாந்துச் சட்டையில் மும்முனைத் தொடரில் இறங்கினார். தகுதி: நியூசிலாந்தில் பிறந்த பாட்டி. கிரேட் பிரிட்டனை நியூசிலாந்து வென்றது. பிறகு சான்றிதழைத் துருவிப் பார்த்தால், அங்கே பிறந்தவர் பாட்டி அல்ல, கொள்ளுப்பாட்டி. ஒரு தலைமுறை எட்டவில்லை. வெற்றிக்குக் கிடைத்த இரண்டு புள்ளிகளும் பறிபோயின. அதே ஃபியன் நியூசிலாந்து கிளப்பில் ஆடி, அங்கேயே குடியிருந்து, அக்காலத்து மூன்றாண்டு விதியை நிறைவு செய்து, 2008 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவை 34–20 என்று வென்ற அணியில் இருந்தார். மூன்றாண்டை ஐந்தாண்டாக்கியது சரியான திருத்தம். என்னைக் கேட்டால் குடியிருப்புக் கணக்கைப் பதினெட்டு வயதுக்கு முன்பு தொடங்கியவர்களுக்கு மட்டும் என்று வைத்திருப்பேன். அகதியாக வந்த குழந்தைக்கு வாசல் திறந்திருக்கும், ஒப்பந்தத்தில் வந்தவனுக்கு மூடும்.

வளர்ந்த மண்ணைக் கணக்கில் எடுப்பதில் இதே விளையாட்டு இன்னொரு நல்ல பாடமும் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் ஆடும் மாநில ஆட்டத்தில், 1980-க்கு முன்பு கிளப் எங்கே இருக்கிறதோ அந்த மாநிலத்துக்கே ஆட வேண்டும். பணமுள்ள சிட்னி கிளப்புகள் குயின்ஸ்லாந்துப் பையன்களை அள்ளிக்கொண்டன. அவர்களை வைத்தே குயின்ஸ்லாந்தை அடித்தன. 1980 ஜூலையில் பிரிஸ்பேனில் ‘ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்’ என்ற பெயரில் விதியைத் திருப்பிப் போட்டார்கள். முப்பத்தைந்து வயது ஆர்தர் பீட்சன், முன்பு நியூ சவுத் வேல்ஸுக்கு ஆடியவர், பிறந்த மண்ணான குயின்ஸ்லாந்துக்குத் தலைமை தாங்கி 20–10 என்று வென்றார். அந்த ஓர் ஆட்டம்தான் பிறகு அந்நாட்டின் பெரிய திருவிழாவாக வளர்ந்தது. தகராறு இல்லாமல் இல்லை. நியூ சவுத் வேல்ஸில் பிறந்த கிரெக் இங்லிஸ் குயின்ஸ்லாந்துக்கு ஆடியதைப் பற்றி இன்னும் சண்டை போடுகிறார்கள். பின்னாளில் பதின்மூன்று வயதுக்கு முன் எங்கே வாழ்ந்தாய் என்ற கேள்வியை விதிக்குள் கொண்டுவந்தார்கள். கிளப் முகவரியைவிட, ஏன் பாஸ்போர்ட்டைவிடவும், இது மனிதனுக்கு நெருக்கமான கேள்வி.

எங்கள் பக்கத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தில் இதே வழக்கு சின்ன அளவில் நடக்கும். பஞ்சாயத்துக்கு வெளியிலிருந்து அணிக்கு இரண்டு பேர்தான் என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். மைதான ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் ஆதார் நகல்கள், மழைத் தூறலில் நனையாமல் மேலே ஒரு பாலித்தீன் உறை. கமிட்டிக்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டுவார். ஒரு நகலில் விரல் நிற்கும்.

“இது புளியரை விலாசம். இவன் வெளியூர்.”

“சேட்டா, அது அம்மா வீடு. இவன் ரேஷன் கார்டு ஆரியங்காவு. ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படித்தான்.”

“அப்படியானால் ஆதார் ஏன் அங்கே?”

“பாட்டி தனியாக இருந்தார். அப்போது இரண்டு வருடம் அங்கே தங்கினான்.”

எதிரணியிலிருந்து ஓர் அண்ணாச்சி குரல் கொடுப்பார்: “நல்லா ஆடுகிறவன் என்றால் இரண்டு ஊர், ஆடத் தெரியாதவன் என்றால் ஒரு ஊரும் கிடையாது!” சிரிப்பு எழும், பையன் ஆடுவான். 1956 நவம்பரில் செங்கோட்டைத் தாலுகாவையே கேரளம், தமிழ்நாடு என்று இரண்டாகப் பிரித்துக் கோடு போட்ட இடத்தில், விலாசத்தை மட்டும் பார்த்து வெளியூர் உள்ளூர் தீர்மானித்தால் அரைப் பேர் சொந்த மைதானத்திலேயே விருந்தாளிகள்.

பாட்டன் வாசலுக்கும் ஒரு கெட்ட பக்கம் உண்டு. இத்தாலி, லெபனான் அணிகள் உலகக் கோப்பைக்கு வரும்போது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் பிறந்து வளர்ந்த பையன்களாகவே இருக்கிறார்கள். ஜேம்ஸ் டெடெஸ்கோ 2013-லும் 2017-லும் இத்தாலிக்கு ஆடினார். 2022-ல் ஆஸ்திரேலியாவின் கேப்டனாகக் கோப்பையை ஏந்தினார். இத்தாலி அவருக்கு ஏணி. அங்கே உள்ளூர்க் கிளப்பில் சேற்றில் புரண்டு ஆடும் பையனுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் எனக்கு லீக் விதியின்மேல் வருத்தம் உண்டு. தகுதிச் சுற்று அணியில் பாதி இடங்களையாவது உள்நாட்டுக் கிளப்பில் ஆடுகிறவர்களுக்கு ஒதுக்க வேண்டும். உலகக் கோப்பையில் பேரன்கள் வரட்டும்.

எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பார்த்தால், குளத்தூப்புழைப் பையனுக்கு நான் தேர்ந்துகொடுக்கும் விதி லீக்குடையதுதான். யூனியன் அவனை ஒரே ஒரு தடவைதான் மனம் மாற விடும். இந்திய விதி அவன் தாத்தா பிறந்த மலையை இல்லையென்றே சொல்லிவிடும்.

ஆனால் லீக்கின் அடுக்குமுறையை அப்படியே விழுங்கவும் முடியவில்லை. ஆஸ்திரேலியாவை வென்ற டோங்காவையும், உலகக் கோப்பை இறுதிப் போட்டி ஆடிய சமோவாவையும் இரண்டாம் அடுக்கு என்று அழைப்பது அவமானம். அவற்றை மேலே ஏற்றினால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஏற்றினால் முதல் அடுக்கு நாட்டிலிருந்து இன்னொரு முதல் அடுக்கு நாட்டுக்கு மாறக் கூடாது என்ற விதி அவற்றின்மேலும் விழும். ஃபிஃபிட்டா போல ஆஸ்திரேலியாவுக்கு ஆடிவிட்டவன் டோங்காவுக்குத் திரும்ப வழி இருக்காது. தோற்பித்துக் காட்டிய நாடுகளுக்கு மரியாதை கொடுத்தால், தோற்பிக்க உதவிய வாசல் சாத்தப்படும். அடுக்கை ஒழித்துவிட்டு, யாரும் யாருக்கும் இரண்டு உலகக் கோப்பைகளுக்கு நடுவில் ஒருமுறை மாறலாம் என்று வைத்தால் இந்த முடிச்சு அவிழும். அதை ஏற்றுக்கொண்டால், தங்களுக்குள் பூட்டிவைத்திருக்கும் ஆட்டக்காரர்களையும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இங்கிலாந்தும் அவிழ்த்துவிட வேண்டியிருக்கும்.