கஜாவுக்குப் பிறகு மூன்று பவர் பேங்குகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் விடிந்து பார்த்தால், தென்னையும் கரண்ட் கம்பமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. வீட்டுக்குக் கரண்ட் வர 22 நாள் ஆனது. கடைத்தெருவில் ஒருவர் ஜெனரேட்டர் போட்டு, போனுக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டு சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். துண்டுச் சீட்டில் பெயர் எழுதி, ரப்பர் பேண்டால் போனோடு கட்டி நீட்ட வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்ல அரை நாள் வரிசை. அங்கே நிற்கும்போதே, வீட்டில் ஒரு பவர் பேங்க் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அவசரத்தில் வாங்கிய முதல் பவர் பேங்க் தண்டம். ரோட்டோரக் கடையில் 450 ரூபாய். மேலே 20000 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்கிற அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என்னுடைய 3000 எம்ஏஎச் போனை ஒரே ஒரு தடவை ஏற்றிவிட்டு அணைந்துவிடும். ஆறு மாதத்தில் அதுவும் நின்றது. ஆத்திரத்தில் நெம்பித் திறந்து பார்த்தேன் (நீங்கள் இதைச் செய்யாதீர்கள், செல்லில் குத்திவிட்டால் தீப்பிடிக்கும்). உள்ளே உருளை செல்கள் ஆறு வைக்க இடம் இருந்தது, ஆனால் இருந்தது இரண்டுதான். அந்த அளவு செல், நல்ல தரமானதே ஒன்று சுமார் 3500 எம்ஏஎச்தான் தாங்கும். ஆறும் இருந்திருந்தால்கூடக் கணக்கு இழுத்துப் பிடித்துத்தான் வந்திருக்கும்.

அன்றிலிருந்து கடைக்குப் போனால் முதலில் கையில் வாங்கி எடை பார்க்கிறேன். 10000 என்றால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். 20000 என்றால் 400 கிராமை ஒட்டி வரும். பூப்போல லேசாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். அப்புறம் பின்பக்கத்தில் ஐஎஸ்ஐ மாதிரியான பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

2019இல் இரண்டாவதை நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கினேன், அதுவும் 20000. உண்மையான 20000தான். ஆனால் அந்த எண் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கு எழுதியது. போனுக்கு 5 வோல்ட்டாக மாற்றி அனுப்பும்போது எண்ணும் குறையும், கொஞ்சம் சூடாகவும் வீணாகும். கடைசியில் கைக்கு வருவது 12000, 13000தான். பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் அதையும் அச்சடித்திருப்பார்கள். இது ஏமாற்று இல்லை, எல்லாக் கம்பெனியும் அப்படித்தான்.

அதன் குறை எனக்குத் தெரிந்தது 2020 டிசம்பரில், புரெவி புயல் மழையின்போது. மூன்று நாள் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு நாளைக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் வந்தால் பெரிது. என் பவர் பேங்க் 10 வாட்டில்தான் ஏறும். காலியானால் முழுசாக நிரம்ப எட்டு, ஒன்பது மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில், சார்ஜ் அளவைக் காட்ட அதன்மேல் இருக்கும் நாலு பொடி விளக்கில் ஒன்றுகூட நிலையாக எரியவில்லை. குளம் பெரிதாக இருந்து என்ன, வாய்க்கால் சின்னதாக இருந்தால்? வாங்கும்போது எவ்வளவு கொடுக்கும் என்று பார்த்தேனே தவிர, எவ்வளவு வேகத்தில் வாங்கிக்கொள்ளும் என்று பார்க்கவே இல்லை. ‘இன்புட்’ என்ற வரியைக் கடையில் யாரும் காட்டுவதும் இல்லை.

2022 கோடையில் அது ஆப்பம் மாதிரி நடுவில் உப்பிவிட்டது. தப்பு என் பேரில்தான். எப்போதும் சூடாக இருக்கும் ஸ்டெபிலைசர் பெட்டி மேல், முழு சார்ஜோடு மாதக்கணக்கில் வைத்திருந்தேன். உப்பியதை அதற்குமேல் ஒரு நாள்கூடப் பயன்படுத்தக் கூடாது. குப்பையிலும் போடாமல், மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிட்டேன்.

இப்போது வைத்திருப்பது 10000தான். ஆனால் டைப்-சி வழியாக 18 வாட்டில் ஏறும். அதற்கேற்ற அடாப்டரும் வேண்டும், பழைய போன் சார்ஜரில் மாட்டினால் இதுவும் ஆமைதான். இரண்டு மணி நேரம் கரண்ட் வந்தால் முக்கால் பங்குக்கு மேல் நிரம்பிவிடுகிறது. என் 5000 எம்ஏஎச் போனை ஒரு தடவை முழுசாகவும், இன்னொரு தடவை அரையை நெருங்கியும் ஏற்றும். புயல் நேரத்தில் டவர் விழுந்து, போன் சிக்னல் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். அப்போது ஏரோபிளேன் மோடில் போட்டு, மணிக்கு ஒரு தடவை மட்டும் திறந்து பார்த்தால் இரண்டு நாள் தாராளமாக ஓடுகிறது.

சோலார் வைத்தது வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். அந்த உள்ளங்கை அகலத் தகடு தருவது ஒரு வாட், ஒன்றரை வாட். 10000 நிரம்ப நாள் கணக்கில் வெயில் வேண்டும். புயலன்று வெயிலுக்கு எங்கே போவது? தவிர, வெயிலில் காயப் போட்டால் உள்ளே இருக்கும் பேட்டரிதான் வேகும்.

ஒரு சின்ன விஷயம் பிடிபடவே நாளானது. அப்பாவின் காது மெஷினுக்கான சார்ஜ் டப்பாவை மாட்டினால் அரை நிமிடத்தில் நின்றுவிடும். “இதுவும் டுபாக்கூரா?” என்றார் அப்பா. அது இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து பவர் பேங்க் தானாக அணைகிறது. பட்டனை இரண்டு தடவை தட்டினால் குறைந்த கரண்ட் நிலைக்கு மாறும் என்று கூட வந்த தாளில் இருந்தது. எல்லா மாடலிலும் இந்த வசதி கிடையாது. வீட்டில் இப்படி ஏதாவது சின்னச் சாதனம் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அது மெழுகுவத்தி, தீப்பெட்டி இருக்கும் இழுப்பறையில், கேபிளைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டபடி, பாதி சார்ஜோடு கிடக்கிறது. டிவியில் “வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு” என்று வாசிக்க ஆரம்பித்தால் போதும், அம்மா எழுந்து போய் அதைப் பிளக்கில் மாட்டிவிடுகிறார்.