புலாவ் ஜாராக் பறவைப் பயணம்: பணம் கட்டும் முன் படியுங்கள்

"மலாக்கா நீரிணை நடுவில் ஆளில்லாத தீவு, அக்டோபர் வலசைப் பறவைகள், சாப்பாட்டோடு ஒருநாள் பயணம்" என்று முகநூலில் ஓடிய விளம்பரத்தைப் பார்த்து நானும் தம்பியும் ஆளுக்கு 380 வெள்ளி கட்டினோம். போக வேண்டியது மலேசியாவின் பேராக் கரைக்கு வெளியே இருக்கும் புலாவ் ஜாராக் தீவு. வரச் சொன்னதோ பினாங்கின் பத்து மூசாங் ஜெட்டிக்கு.

"அக்கா, வெளியே அலை பெருசா இருக்கு. அதே பறவைங்க இங்கயும் வரும்" என்று ஜெட்டியில் வைத்துச் சொன்னார் ஏற்பாட்டாளர். இறக்கிவிட்டது புலாவ் அமானில். மீ ஊடாங் (இறால் மீ) சாப்பிட பினாங்குக் குடும்பங்கள் போகிற அதே தீவு! மீதிப் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வழிகாட்டி என்று வந்தவர் ஒரு செம்பருந்தைக் காட்டி, "ஜப்பான்லேர்ந்து வந்த தேன் பருந்து" என்றார். வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. வருடம் முழுக்க நம் கரையோரம் சுற்றுகிற பறவை அது. லைசென்ஸ் கேட்டதற்கு வீட்டில் இருக்கிறதாம்.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது திரும்பும்போது நடந்ததுதான். தண்ணீர் ஏறி சேறு மூழ்கிவிட்டால், கரையோரச் சேற்றில் இரை தேடுகிற உள்ளான் பறவைகளுக்கு இரை கிடையாது. வற்றும்வரை ஓய்வெடுத்தாக வேண்டும். மீன் கூண்டுகளின் மிதவைக் கட்டைகளில் அப்படித்தான் கூட்டமாக நின்றன. பறக்கிற படம் வேண்டும் என்று படகை நேரே அவற்றுக்குள் விடச் சொன்னார் அந்த ஆள். அவற்றில் ஒன்று, சிவந்த கால்களுடைய பவளக்காலி, ஒற்றைக்காலில் நின்று அலகை முதுகுச் சிறகுக்குள் செருகியிருந்தது. எழும்பியது, சுற்றி வந்து உட்கார்ந்தது, அலகைச் செருகியது, படகு திரும்ப வந்தது, மறுபடி எழும்பியது. நிறுத்தச் சொல்லி நான் கத்திய பிறகுதான் விட்டார். வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த உயிர் அது.

உள்ளான் பார்க்க இவ்வளவு செலவே வேண்டாம். பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரில், தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்துப் போய்க் கரையில் நின்றாலே போதும். தீவுக்குத்தான் போக வேண்டும் என்றால், சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் எண்ணை முன்கூட்டியே வாங்கிச் சரிபாருங்கள். தீவின் பெயரும், பயணம் நடக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அன்றைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும் என்று கேளுங்கள். பறவை தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார்.

ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, விளம்பரப் படம் எல்லாம் சேர்த்துப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதே விளம்பரம், அதே படத்தோடு, நவம்பருக்கு இப்போது ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறது.