மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையோடு கூட்டாக எந்த மருந்து நல்லது?

எங்கள் ஆச்சி முக்கூடலில் பீடி சுற்றுகிறவள். ஒரு நாள் காலை சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு, கடையில் பீடிக் கட்டைக் கொடுத்துவிட்டு வந்து சாப்பிடலாம் என்று பீடித் தட்டும் மடியுமாக உட்கார்ந்துவிட்டாள். பதினோரு மணிக்கு பீடியில் நூல் நிற்கவில்லை, விரல் அப்படி நடுங்கியது. "ஏல, கண்ணைக் கட்டுது" என்றாள். சுகர் மீட்டரில் 54, ரொம்பத் தாழ்வு. மதினி அல்வாவை எடுக்க ஓடினாள். வேண்டாம் என்றோம், அதில் நெய் இருப்பதால் சீனி ரத்தத்தில் ஏறத் தாமதமாகும். மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 80ஐத் தாண்டியிருந்தது. பிறகுதான் இட்லி. (நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108தான்.)

அவள் போட்டது மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை. மெட்ஃபார்மின் தனியாக சுகரை இப்படித் தாழ்த்துவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்லை. சோறு வந்ததோ இல்லையோ, கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். விலை குறைவு, சுகரை நன்றாக இறக்கும், நேரத்துக்குச் சாப்பிடுகிறவருக்குப் பொருந்தும். நடவுக்குப் போகிறவர், மேலப்பாளையத்தில் ரமலான் நோன்பு வைப்பவர், புரட்டாசி சனி விரதக்காரர் எல்லாம் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வில்டாகிளிப்டின் கூட்டு, சுகர் ஏறும்போதுதான் பெரும்பாலும் வேலை செய்யும். அதனால் தாழ்சுகர் பயம் குறைவு. 2019 டிசம்பரில் காப்புரிமை முடிந்ததும் விலையும் இறங்கிவிட்டது. தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை வேண்டும். சாப்பாட்டு நேரம் நிலையில்லாத ஆச்சி மாதிரி ஆளுக்கு இதுதான் சரி என்பது என் எண்ணம். டாக்டரும் இதற்குத்தான் மாற்றினார்.

டாபாகிளிஃப்ளோசின், சுகரைச் சிறுநீரில் வெளியேற்றும். இதயச் செயலிழப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவருக்குப் பெரிய துணை. ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், உடம்பில் நீர் வற்றலாம். கத்திரி வெயிலில் வேலை செய்கிறவர் தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் டாக்டரைக் கேட்டு நிறுத்தி வைக்க வேண்டும்.

அப்புறம், ஒரே மாத்திரையா, தனித்தனியா? ஒன்றாக இருந்தால் மறதி குறையும். ஆனால் சாப்பிடாத நாளில் கிளிமிபிரைடை மட்டும் விட வழியில்லை. அளவு சரியாகப் பிடிபடும்வரை தனித்தனியே நல்லது என்பேன். மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மினை உடைத்தோ பொடித்தோ போடக் கூடாது. எந்தக் கூட்டானாலும் வருடம் ஒரு முறையாவது சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் எண்) 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறு. அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிய மெட்ஃபார்மின் ஒரு டப்பாவில், தனியார் டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரை இன்னொன்றில். பெயரும் நிறமும் வேறு, ஆனால் இரண்டிலும் மெட்ஃபார்மின் இருக்கும். இரண்டையும் போட்டால் அளவு கூடிவிடும். ஆச்சியின் சுருக்குப்பையில் இரண்டும் இருந்தன. அட்டையின் பின்பக்கச் சிறு எழுத்தை மருந்துக்கடைக்காரர் வாசித்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.