16 ஜிபி போனும், ஆப் போடாத ஏழு வருஷமும்

போன வாரம் என் போனுக்கு பேட்டரி மாற்றினேன். 2018-ல் வாங்கியது, 2 ஜிபி ராம், 16 ஜிபி. கழற்றிப் பார்த்த கடைக்காரத் தம்பி, "இதுக்கு மேல இதுல காசு போடாதீங்கண்ணே" என்றார். அன்று ராத்திரியே திருப்பூரிலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள். "அண்ணே, ஸ்டோரேஜ் ஃபுல்லு ஃபுல்லுன்னே காட்டுது. நீ மட்டும் எப்படி இத்தனை வருஷமா ஓட்டுற? நான் எந்த ஆப்பை எடுக்க?" போனில் அவளுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நானாகப் போட்ட ஆப் மூன்றுதான். வாட்ஸ்அப், பேங்க், பணம் அனுப்ப ஒன்று. மற்ற எல்லாம் குரோமில் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, 'முகப்புத் திரையில் சேர்' கொடுத்து வைத்தவை. பார்த்தால் ஆப் மாதிரியே ஐகான் இருக்கும். தொட்டால் முழுத்திரையில் திறக்கும். ஆனால் போனில் பிடிக்கிற இடம் ரொம்பக் கொஞ்சம்.

இதற்கு 'புரோகிரசிவ் வெப் ஆப்' என்ற பெயரை 2015-ல் ஃபிரான்சஸ் பெரிமன், அலெக்ஸ் ரஸ்ஸல் என்ற இருவர் வைத்தார்கள். நான் முதலில் பழகியது 2017-ல் வந்த ட்விட்டர் லைட். அப்போது அது ஒரு எம்பி கூடக் கிடையாது. டேட்டா சேவரைப் போட்டால் படங்கள் மங்கலாகத்தான் வரும், வேண்டுமென்று தொட்டால் மட்டும் முழுசாக இறங்கும். எந்தப் படத்துக்கு என் டேட்டாவைச் செலவழிப்பது என்று என்னைக் கேட்ட முதல் தளம் அதுதான்.

இதன் அருமை டவர் இல்லாத இடத்தில்தான் தெரியும். ஏலக்காய் வேலையாக வாரம் இரண்டு நாள் போடிமெட்டு ஏறுகிறேன். முந்தல் தாண்டி ஜீப் வளைவுகளில் ஏற ஆரம்பித்தால் சிக்னல் வரும், போகும். சாதாரணத் தளம் என்றால் வெள்ளைத் திரையோடு நின்றுவிடும். நான் சேர்த்து வைத்திருக்கும் செய்தித் தளம், காலையில் வீட்டில் ஒரு தடவை திறந்திருந்தால் போதும், பதினேழு வளைவுக்கு நடுவிலும் திறக்கும். சர்வீஸ் வொர்க்கர் என்று ஒரு சின்ன நிரலை பிரவுசர் போனிலேயே வைத்துக்கொள்கிறது. தளத்தின் தலைப்பு, மெனு, கடைசியாகப் பார்த்த பக்கங்கள் எல்லாம் அதன் பொறுப்பு. டவர் கிடைத்தால் புதுசாக வந்ததை மட்டும் இறக்கும். முதல் தடவை அப்படித் திறந்தபோது, பக்கத்தில் இருந்தவரிடம் காட்டி, "டவரே இல்ல, பாருங்க" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

எனக்கு இது புதுசும் இல்லை. நோக்கியா பட்டன் போனில் ஓப்பரா மினி என்ற பிரவுசரை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். நாம் கேட்ட பக்கம் முதலில் ஓப்பரா கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கே சுருங்கி நம் கைக்கு வரும். அந்தப் போனில் தமிழ் எழுத்துரு கிடையாது, வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். முகவரிப் பட்டையில் 'ஓப்பரா:கான்ஃபிக்' என்று அடித்து, வரும் பட்டியலில் பிட்மேப் எழுத்துரு என்பதற்கு 'யெஸ்' கொடுக்க வேண்டும். அதன்பிறகு தமிழ் எழுத்துகள் படங்களாக வரும். காப்பி பண்ண முடியாது, டேட்டாவும் கொஞ்சம் கூடும். ஆனால் அந்தச் சின்னத் திரையில் 'ழ'வைப் பார்த்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இப்படி லேசாக இருந்ததையெல்லாம்தான் வரிசையாக எடுக்கிறார்கள். குரோமில் டேட்டாவை மிச்சப்படுத்திய லைட் மோடு 2022-ல் போனது. ஜிமெயிலின் எளிய எச்டிஎம்எல் பார்வை 2024-ல் போனது. 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை இறங்கியதும், இனி எவ்வளவு கனமாகச் செய்தாலும் ஜனம் இழுத்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார்கள். என் போனின் ராம் அதே 2 ஜிபிதான். மலையில் டவரும் அப்படியேதான்.

எடுக்காமல் வைத்திருப்பவர்கள் செய்கிற ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை: 'ஆப்பில் திறக்கவும்' என்ற பட்டை. மூடுகிற பெருக்கல் குறி அரிசி அளவுக்குத்தான் இருக்கும்.

போன சித்திரையில் அம்மாவைச் சென்னைக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பஸ் டிக்கெட் போடும் தளம் ஒன்று, பெயர் வேண்டாம். கீழ் பெர்த் ஒன்று, மேலே ஒன்று, இரண்டுதான் பாக்கி. கீழ் பெர்த்தைத் தேர்ந்தெடுத்து, பெயர், வயது 71 என்று அடித்து முடித்தேன். பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே அந்தப் பட்டை வந்து உட்கார்ந்தது. பெருக்கல் குறியைத்தான் தொட்டேன். திறந்தது பிளே ஸ்டோர். திரும்பி வந்தால் நான் அடித்தது ஒன்றும் இல்லை, எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் கீழ் பெர்த் போய்விட்டது. மேல் பெர்த்தில்தான் அம்மாவை ஏற்றினேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்த இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறினார். நான் விடிய விடிய டிரைவர் கேபினில் உட்கார்ந்து போனேன்.

அந்தத் தளத்தை நியாயமாகவும் பேச வேண்டும். நான் வைத்திருப்பதிலேயே வேகமானது அதுதான். போடிமெட்டில் ஒரு கோடு சிக்னலிலும் சீட் படம் வந்துவிடும். இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவர்களே அதன் மேல் அந்தப் பட்டையைப் போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் என் கோபம் முழுவதும்.

தங்கச்சியிடம் துணிக்கடை ஆப், சாப்பாட்டு ஆப், செய்தி ஆப் மூன்றையும் எடுத்துவிட்டு, அந்தத் தளங்களை முகப்பில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். எப்படிச் சேர்ப்பது என்று படமும் அனுப்பிவிட்டேன். "பஸ் ஆப்பு?" என்றாள். தீபாவளிக்குக் கைக்குழந்தையோடு ராத்திரி வண்டியில் வரப்போகிறவள்.

"அதை மட்டும் எடுக்காதே" என்று சொல்லிவிட்டேன்.