நாகரத்தினம்மாள், முத்துலட்சுமி: ஒரே வேர், இரு வழி

இருவருக்குமே வேர் தேவதாசி மரபுதான். பெங்களூர் நாகரத்தினம்மாள் அதைப் பெருமையாகச் சுமந்தார். முத்துலட்சுமி ரெட்டி (அவருக்குத் தாய் வழியில் அந்த மரபு) அதை ஒழிக்கச் சட்டம் கேட்டார்.

நாகரத்தினம்மாள் பாடிச் சம்பாதித்த பணத்தைத் திருவையாற்றில் கொட்டினார். தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை: தியாகராஜர் நினைவாக அங்கே ஆண்டுதோறும் நடக்கும் இசை விழாவான ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாதாம்! கட்டியவருக்கே இடமில்லை. அவர் விடவில்லை, பெண்களைத் திரட்டிச் சன்னதிக்குப் பின்புறம் தனி ஆராதனையே நடத்தினார்.

முத்துலட்சுமியின் பாதை மருத்துவம். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தேவதாசியாக்கும் சடங்கான பொட்டுக்கட்டுக்குத் தடைச் சட்டம் 1947-இல் வந்தது.

பொட்டுக்கட்டு ஒழிந்ததில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால், “எங்களை ஒட்டுமொத்தமாக இழிவுபடுத்தாதீர்கள், கலையும் சொத்துரிமையும் எங்களுடையவை” என்ற நாகரத்தினம்மாள் தரப்பு வாதத்தை அன்று யாரும் சரியாகக் காதில் வாங்கவில்லை. திருவையாறு போனால் பாருங்கள்: தியாகராஜர் சன்னதியைப் பார்த்தபடி அவர் சிலையாக அமர்ந்திருக்கிறார்.