தோல் ஒட்டு ஆபரேஷன்: கத்திக்கு முழு மார்க், டிஸ்சார்ஜ் சீட்டுக்கு பூஜ்ஜியம்

கல்யாண சமையலுக்குப் போகும் எங்கள் மாமாவுக்குக் கொதிக்கிற எண்ணெய் காலில் கொட்டி, முழங்காலுக்குக் கீழே ஆழமாக வெந்துவிட்டது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒன்றில்தான் தோல் ஒட்டினார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

ஆபரேஷனைக் குறை சொல்லவே முடியாது. தொடையிலிருந்து மேல்தோலையும் அதற்கடியில் கொஞ்சத்தையும் மெல்லிசாகச் சீவி எடுத்து, மெஷினில் விட்டு வலை மாதிரி துளை போட்டு, விரித்து ஒட்டினார்கள். அப்படிச் செய்தால் கொஞ்சத் தோலே நிறைய இடத்தை மூடும், அடியில் கோக்கிற நீரும் ரத்தமும் துளை வழியே வடிந்துவிடும். தேங்கினால் தோல் பிடிக்காது. முதல் ஒன்றிரண்டு நாள் புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் அந்தத் தோல் உயிர் பிழைக்கிறது, அப்புறம்தான் ரத்தக்குழாய்கள் வந்து சேர்கின்றன, அதனால் கால் அசையாமல் இருக்க மாவுக்கட்டு வைத்து ஐந்தாம் நாள்தான் பிரித்தார்கள். சலைனை ஊற்றி ஊற்றி, துணியை ஊறவைத்து, நூல் நூலாக எடுத்தார் அந்த இளம் டாக்டர். உள்ளே ரோஸ் நிறம் தெரிந்ததும் "பிடிச்சிருச்சுங்க ஐயா" என்றார். காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்குப் பணமும் கட்டவில்லை.

இனி குறை. தோல் எடுத்த இடம் இப்படி வலிக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. "வெந்த கால் பரவாயில்லடா, தொடைதான் உயிர் போகுது" என்று மாமா ராத்திரி முழுக்க முனகினார். மேல்தோலைச் சீவியதும் நரம்பு நுனிகள் வெளியே வந்துவிடுகின்றன, வலிக்காமல் என்ன செய்யும்? ஆற சுமார் இரண்டு வாரம். அதுவரை தொடையில் போட்ட கட்டைப் பிய்க்கக் கூடாது, தானாக உரிந்து வரவேண்டும். இதையும் பக்கத்துப் படுக்கைக்காரர்தான் சொன்னார்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயர்களும் ரிவ்யூ தேதியும் மட்டுமே. ஒட்டிய தோலில் வியர்வை, எண்ணெய்ச் சுரப்பிகள் வேலை செய்யாது, வறண்டு வெடிக்கும், தினமும் பலமுறை தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவணும், வெயில் படக்கூடாது, அரிப்பு மாதக்கணக்கில் இருக்கும் என்பதெல்லாம் பிசியோதெரபி அக்கா சொல்லித்தான் தெரிந்தது. தழும்பு தடித்து இழுக்காமல் இருக்க, அளவெடுத்துத் தைக்கும் பிரஷர் கார்மென்ட்டை (தழும்பை இறுக்கிப் பிடிக்கும் துணி உறை) குளிக்கிற நேரம் தவிர நாள் முழுக்கப் போடணும், பல மாதம். நம்மூர் வெயிலில் அது தனி தண்டனை.

அதை இரண்டு செட்டாக வாங்குங்கள், ஒன்று துவைத்துக் காய்வதற்குள் இன்னொன்று வேண்டும். பச்சைத்தண்ணீரில் கையால் அலசி, முறுக்காமல் நிழலில் போடுங்கள், இல்லையென்றால் சீக்கிரமே தொளதொளத்துவிடும்.